ஸ்டில்ட் + 5 அடுக்குமாடி: குடியிருப்பவர் உடம்புக்கும் தூக்கத்துக்கும் நல்லதாக இருக்க கம்பெனி எதை மாற்ற வேண்டும்?

#1 அஸ்திவாரம்

வணக்கம். எங்கள் கம்பெனி கட்டப்போவது: சென்னையின் தெற்குப் புறநகரில் ஸ்டில்ட் + 5 (தூண்கள்மேல் நிற்கும் கார் நிறுத்தத் தளம், அதன்மேல் 5 மாடி), மாடிக்கு 4 வீதம் 20 வீடுகள். எல்லாம் இரண்டு படுக்கையறை. வரைபடம் இன்னும் அனுமதிக்குப் போகவில்லை, அதனால் கோடு மாற்ற அவகாசம் இருக்கிறது.

விற்பனைத் தரப்பு மொட்டைமாடியில் யோகா மேடை, ஸ்டில்ட்டில் ஜிம் கேட்கிறது. அதற்கு ஒதுக்குகிற பணத்தை வேறு எங்கே போட்டால் உள்ளே வாழ்கிறவர்களுக்கு நிஜமான பலன்? "நல்ல காற்றோட்டம் வேண்டும்" மாதிரிப் பொதுப்பேச்சு வேண்டாம். வரைபடத்தில் எது மாறணும், சைட்டில் என்ன அளவு, எங்கே தப்பு நடக்கும் என்று சொல்லுங்கள்.

#2 மேற்குச்சுவர்

மே மாதத்தில் மொட்டைமாடி யோகா மேடையில் துணி காயப்போடலாம். அதை விட்டுவிட்டு ஜன்னலில் ஆரம்பிப்போம்.

பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை என்றால் 120 சதுர அடி. சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊருக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது தேசிய கட்டட விதித்தொகுப்பிலேயே உள்ள பழைய கணக்கு. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-ம் வீட்டு மொத்தப் பரப்புக்கு அதே 16.66 சதவீதத்தைத்தான் கேட்கிறது. அந்த அறைக்கு 20 சதுர அடி ஆகிறது. நாம் போடுவது நாலுக்கு நாலு ஜன்னல், 16 சதுர அடி. அதுவும் ஸ்லைடிங். இரண்டு கதவில் ஒன்று எப்போதும் மற்றதன் மேல் நிற்கும், ஆக நிஜமாகத் திறப்பது 8 சதுர அடி. அதன் மேல் கொசுவலை. சாயங்காலம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தாலும் அறைக்குள் நுழைய வழி இல்லை. அதே அளவில் கீல் வைத்த கேஸ்மென்ட் போட்டால் கிட்டத்தட்ட 90 சதவீதம் திறக்கும். செலவு கூடும்தான், ஆனால் சுவரில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது வெயில். எல்லாத் திசைக்கும் ஒரே இரண்டடி சன்ஷேடு போடுவது நம் ஊர் வழக்கம். மே மாதம் மாலை நாலரை மணிக்கு மேற்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 27 பாகை உயரத்தில்தான் நிற்கும். இரண்டடி சன்ஷேடு அந்தக் கோணத்தில் ஓர் அடிக்குத்தான் நிழல் தரும். நாலடி ஜன்னலில் மீதி மூன்றடி வழியாக வெயில் கட்டில்மேல் விழும். மேற்கே சன்ஷேடை நீட்டி ஜெயிக்க முடியாது. ஜன்னலைச் சின்னதாக்குங்கள், அல்லது வெளிப்புறம் நகரும் மறைப்போ செங்குத்துப் பட்டைகளோ கொடுங்கள். உள்ளே கனமான திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் மறைக்கிறோம். குளியலறை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றையும் மேற்கே தள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

வடக்கையும் மறக்காதீர்கள். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். கத்திரி வெயில் முழுக்க அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

#3 மட்டப்பலகை

கேஸ்மென்ட் விஷயத்தில் மேற்குச்சுவர் சொல்வது காகிதத்தில் சரி. சைட்டில் மூன்று இடத்தில் உதைக்கும்.

ஒன்று, கதவு 600 மி.மீ. அகலத்துக்கு மேல் போனால் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே (கதவைத் தாங்கும் உலோகக் கை) தொய்ந்து கீழ்மூலை சட்டத்தில் உரசும். நாலடி ஜன்னலை இரண்டு கதவாகப் பிரித்தே ஆகணும். இரண்டு, கதவு வெளியே திறக்கும், கிரில் உள்ளே இருக்கும். கை நுழைகிற மாதிரி கைப்பிடி உயரத்தில் கிரில்லில் 150-க்கு 150 இடைவெளி விடச்சொல்லி கிரில்காரரிடம் முன்னமே வரைந்து கொடுக்காவிட்டால், குடிவந்தவர் ஜன்னலையே திறக்க மாட்டார். மூன்று, கொசுவலை. உள்பக்கம் சுருளும் வலை அல்லது தனிக்கீல் வலை வேண்டும். வலைக்கு இடம் விடாத ஜன்னல் இந்த ஊரில் மாலை ஐந்தரைக்கு மூடினால் மூடினதுதான்.

மழை ஒழுகுவது ஜன்னல் வகையால் இல்லை, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியால். அங்கே 6 முதல் 10 மி.மீ. விட்டு, ஃபோம் கயிறு அடைத்து, மேலே சிலிகான் இழுக்கணும். நம் ஆட்கள் வெள்ளை சிமென்ட் வைத்து அடைப்பார்கள். அலுமினியம் வெயிலில் நீளும், சிமென்ட் அந்த அளவுக்கு விரியாது. முதல் கோடையில் விரிசல், முதல் ஐப்பசி மழையில் ஓதம். சன்ஷேடு அடியில் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி ஒரு நீர்வெட்டுக் காடி விட மறந்தாலும் தண்ணி அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

#4 மேற்குச்சுவர்

கிரில் இடைவெளி நல்ல குறிப்பு. ஏற்றுக்கொள்கிறேன். ஹாலில் பால்கனிக்குப் போகும் ஸ்லைடிங் கதவு இருக்கட்டும், அங்கே திறப்புப் பரப்பு தாராளம். படுக்கையறைகளுக்காவது கேஸ்மென்ட்.

#5 தட்டோடு

ஐந்தாவது மாடி நாலு வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. ராத்திரி பதினொரு மணிக்கும் தளம் அடுப்புக்கல் மாதிரி இருக்கிற வீடு அது.

கணக்கு: 150 மி.மீ. கான்கிரீட் தளம் மட்டும் என்றால் வெப்பம் கடத்தும் யு மதிப்பு (குறைந்தால் நல்லது) சுமார் 3.3. மேலே நாலு அங்குலம் செங்கல் ஜல்லி வெதரிங் கோர்ஸ் போட்டால் சுமார் 2.3. ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு அனுமதிப்பது அதிகபட்சம் 1.2. "சுர்க்கி (அந்தச் செங்கல் ஜல்லி அடுக்கு) போட்டாச்சு, சூடு இறங்காது" என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. அதோடு 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி ஃபோம்) சேர்த்தால் 0.8 பக்கம் வந்துவிடும். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் ஒரு வருஷத் தூசியில் அந்த வெள்ளை மங்கிவிடும். கழுவ ஆள் இருந்தால்தான் பலன். ஓட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

வேலை வரிசை முக்கியம். தளத்தில் 100-க்கு 1 வாட்டம், நீர்த்தடுப்புப் பூச்சு, 72 மணி நேரம் தண்ணி கட்டிச் சோதனை, பிறகு எக்ஸ்.பி.எஸ். பலகை இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல், அதன்மேல் பிரிப்புத்துணி, 50 மி.மீ. கான்கிரீட்டைப் பத்தடிக்குப் பத்தடி கட்டமாக இணைப்பு விட்டு, கடைசியில் ஓடு. காசு மிச்சம் பிடிக்கத் தெர்மோகோல் போடாதீர்கள். அது தண்ணி குடிக்கும். ஈரமான தெர்மோகோல் சூட்டைத் தடுக்காது, எடையைத்தான் கூட்டும்.

இதையெல்லாம் கெடுப்பவர் ஓடு போட்ட மூன்றாம் மாதம் வருவார்: சோலார் சட்டத்துக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் துளை போடுகிறவர். தளம் போடும்போதே கான்கிரீட் மேடைகள் எழுப்பி, "துளை போட இங்கே மட்டும்" என்று மேலேயே எழுதி வையுங்கள்.

#6 அஸ்திவாரம்

20 வீட்டில் நாலு வீட்டுக்காக இந்தச் செலவா என்று கேட்பார்கள். என்ன சொல்வது?

#7 தட்டோடு

யோகா மேடை எத்தனை வீட்டுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

#8 பைப்லைன்

நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். மனுஷனுக்கு வியாதி வர்றது பாதி பாத்ரூம் வழியா. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

சங்கன் தளம்: ஒரு அடி பள்ளம் விட்டு, பைப் போட்டு, உடைஞ்ச செங்கல்லைக் கொட்டி மூடறோம். அதுக்குள்ள ஒரு ஜாயின்ட் கசிஞ்சா அந்தப் பள்ளம் தொட்டியாயிடும். மேல் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது, கீழ் வீட்டு சீலிங்ல ஆறு மாசம் கழிச்சுத் தெரியும். முடிஞ்சா பள்ளமே விடாம பைப்பைக் கீழே தொங்கவிட்டு ஃபால்ஸ் சீலிங் போடுங்க, நடுவுல திறக்கிற மூடி வைங்க. பள்ளம்தான்னு முடிவானா, பள்ளத்தோட அடிமட்டத்துல 40 மி.மீ. பைப் ஒண்ணு டக்ட்டுக்குள்ள (பைப்புகள் மேலயிருந்து கீழ வர்ற திறந்த இடைவெளி) நீட்டி விடுங்க. அதுல ஒரு சொட்டு வந்தாலும் உள்ளே கசியுதுன்னு அர்த்தம். இந்த ஒரு முழம் பைப்புக்கு இருக்கிற மரியாதை வேற எதுக்கும் கிடையாது.

நீர்த்தடுப்பு: மூலையில 50-க்கு 50 சாய்வுக் கலவை வைக்காம பூசினா பூச்சு சரியா மூலையிலதான் கிழியும். இரண்டு கோட், ஒண்ணு நீளவாக்கு, ஒண்ணு குறுக்கு. இரண்டுக்கும் வேற வேற நிறம் வாங்குங்க, இரண்டாவது கோட் நிஜமா அடிச்சாங்களான்னு தூரத்துல இருந்தே தெரியும். சுவர்ல 300 மி.மீ., ஷவர் பக்கம் ஏழடி வரைக்கும் ஏறணும். தண்ணி கட்டற சோதனை 48 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. மட்டத்தைச் சுவர்ல பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வைங்க. டைல் போட்டப்புறம் இன்னொரு தடவை கட்டுங்க. டைல்காரர் உளி வெச்சது அப்பத்தான் தெரியும்.

இப்ப ட்ராப். தரை ட்ராப்புல 50 மி.மீ. தண்ணி நிக்கணும். அந்த இரண்டு அங்குலத் தண்ணிதான் சாக்கடைக் காத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரே கதவு. 2003-ல ஹாங்காங்ல அமோய் கார்டன்ஸ் குடியிருப்புல சார்ஸ் பரவினப்போ 300 பேருக்கு மேல பாதிச்சாங்க, 42 பேர் இறந்தாங்க. தரை ட்ராப் காய்ஞ்சு கிடந்ததும், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் சாக்கடைக் காத்தை உள்ளே இழுத்ததும் காரணம்னு விசாரணையில சொன்னாங்க. சென்னையில வெளிநாட்டுல இருக்கிறவங்க பூட்டி வெச்ச ஃபிளாட் எத்தனை! கோடையில சில வாரத்துலயே ட்ராப் வத்திடும். வழி சுலபம்: வாஷ்பேசின் கழிவை அதே தரை ட்ராப்புக்குள்ள விடுங்க, கை கழுவற போதெல்லாம் ட்ராப் தானா நிரம்பும். பூட்டின வீட்டுக்கு வாட்ச்மேன் வாரம் ஒரு குவளை ஊத்தணும்னு பராமரிப்புப் பட்டியல்ல எழுதுங்க. செங்குத்துப் பைப்பை மொட்டைமாடிக்கு மேல ஆள் உயரம் தாண்டி ஏத்தி, தலையில வலை மூடி போடுங்க. அது இல்லன்னா மேல் வீட்ல ஃபிளஷ் பண்ணும்போது கீழ் வீட்டு ட்ராப்பை உறிஞ்சிடும். "களக் களக்"னு சத்தம் கேட்டா அதுதான்.

#9 பூச்சுவேலை

பைப்லைன் அண்ணன் எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி ஆரம்பித்து விட்டுவிட்டார். 5-க்கு 8 பாத்ரூம், ஒன்பதடி உயரம், சுமார் 10 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்துத் தடவை மாற 100 கன மீட்டர் போதும். ஆறு அங்குல ஃபேன் அதைவிட அதிகமாகவே தள்ளும். ஆனாலும் கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருக்கும், ஏன்? கதவை மூடினால் உள்ளே காற்று வர வழி இல்லை. கதவு அடியில் 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். இன்னொன்று: ஃபேன் டக்ட்டுக்குள் ஊதுகிறது, டக்ட் தலையில் மழைக்குப் பயந்து தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்றாம் மாடி பாத்ரூம் வாடை நாலாம் மாடி சமையலறைக்குள் வரும். டக்ட் தலை திறந்தே இருக்கணும், மழைக்கு மேலே உயர்த்திய மூடி. சமையலறைச் சிம்னியை அந்த டக்ட்டுக்குள் விடவே கூடாது. ஆறு அங்குல வழுவழுப்பான குழாய், இரண்டு வளைவுக்கு மேல் இல்லாமல், நேராக வெளிச்சுவருக்கு. அந்த ஓட்டையை வரைபடத்தில் இப்போதே குறியுங்கள். பின்னால் கோர் கட்டிங் போட வருகிறவர் பீமைத்தான் முதலில் தேடுவார்.

#10 சங்கச்செயலர்

குடியிருப்போர் சங்கத் தரப்பிலிருந்து ஒரு கேள்வி. குளியலறையை ஒட்டாத சுவரிலும் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் வருகிறதே, அது எதனால்? கட்டியவர்கள் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

#11 பூச்சுவேலை

அம்மா, அந்தச் சுவருக்கு மறுபுறம் ஏ.சி. அறையா என்று முதலில் பாருங்கள். சென்னையில் மழைக்காலத்தில் 30 பாகை, 80 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அந்தக் காற்று 26 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வியர்க்கும். பக்கத்து அறையில் ஏ.சி. 20-ல் ஓடினால் நாலு அங்குலச் சுவரின் இந்தப் பக்கமும் குளிரும். அலமாரிக்குப் பின்னால் காற்றும் நடமாடாது. பூஞ்சணத்துக்கு அது மாமியார் வீடு.

சோதனை: அலமாரியை நகர்த்தி, சுவரை உலரத் துடைத்து, ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் ஈரம் இருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது, கட்டியவர்தான் பதில் சொல்லணும். அறைப்பக்கம் ஈரம் என்றால் காற்று வியர்க்கிறது. அப்படியானால் அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றோட்டத் துளை, ஏ.சி.யை 25-26-ல்.

கட்டுகிறவர் செய்ய வேண்டியது: அலமாரி இடத்தை ஏ.சி. அறையின் பொதுச்சுவரில் குறிக்காமல் இருப்பது. அவ்வளவுதான்.

#12 இரைச்சல்

தூக்கம் கேட்டாரே, அதற்கு வருகிறேன். உங்கள் வரைபடத்தில் லிஃப்ட் சுவரும் படுக்கையறைச் சுவரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் இப்போதே நடுவில் அலமாரியையோ குளியலறையையோ நகர்த்துங்கள். இடமே இல்லாவிட்டால் 50 மி.மீ. இடைவெளி விட்டு இரட்டைச்சுவர், இரண்டையும் எங்கும் தொடவிடாமல். இடைவெளியில் கலவை விழுந்து ஓரிடத்தில் ஒட்டினாலும் சத்தம் அந்தப் பாலத்தில் ஏறி வந்துவிடும்.

கழிவுநீர்க் குழாய் படுக்கையறைச் சுவருக்குள் போகக்கூடாது. அடியில் திரும்பும் இடத்தில் ஒரு 90 பாகை வளைவுக்குப் பதில் இரண்டு 45 பாகை. அடைப்பும் குறையும், தண்ணீர் மோதும் சத்தமும் குறையும். இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் 9 அங்குலம், இருபுறமும் பூச்சு. அந்தச் சுவரில் இரு வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளையும் முதுகோடு முதுகாக வைத்துவிட்டால் ஒன்பது அங்குலம் வீண். ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

பம்பு: ஸ்டில்ட்டில் ரப்பர் பாதம், இருபுறமும் நெளியும் இணைப்பு, குழாய்ப் பட்டிகளில் ரப்பர். மூன்றில் ஒன்றை விட்டாலும் முதல்மாடி வீட்டில் தரை முனகும். ஜெனரேட்டர்: உறைக்கு வெளியே ஒரு மீட்டரில் 75 டெசிபல் வரை சட்டம் விடுகிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45. அந்த இடைவெளியைத் தூரமும் சுவரும்தான் நிரப்பணும், ஆகவே எந்தப் படுக்கையறைக்கு அடியிலும் வைக்காதீர்கள். புகைக்குழாய் உயரம், கட்டட உயரத்தோடு ஜெனரேட்டரின் திறனான கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டணும். 62.5 கே.வி.ஏ. என்றால் மொட்டைமாடிக்கு மேல் 1.6 மீட்டர். ஸ்டில்ட் கூரைக்கு அடியிலேயே முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. முதல்மாடிக் குழந்தைதான் அதை மூச்சாக இழுக்கும்.

#13 தண்ணீர்க்கணக்கு

20 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளைக்கு 13,500 லிட்டர். அதில் ஆளுக்கு 45 லிட்டர் ஃபிளஷ். அளவு எல்லோருக்கும் தெரியும். உடம்பைக் கெடுப்பது கலப்பு.

சம்ப்பும் (தரைக்கடியில் உள்ள நல்லதண்ணீர்த் தொட்டி) கழிவுநீர்த் தொட்டியும் ஒரே நடுச்சுவரைப் பகிர்வது கம்பி, சென்ட்ரிங் மிச்சம் பிடிக்கச் செய்யும் வேலை. அந்தக் கான்கிரீட்டில் ஒரு குளிர் இணைப்பு (முன்பு ஊற்றியது இறுகிய பிறகு ஊற்றியதால் சரியாக ஒட்டாத இடம்) விட்டால் போதும், குடிதண்ணீர் மட்டம் இறங்கும் நேரத்தில் அந்தப்பக்கத்திலிருந்து இந்தப்பக்கம் வரும். எதிரெதிர் மூலையில் வையுங்கள். குடிநீர் வாரியத் தண்ணீருக்குத் தனி அறை, போர்வெல் மற்றும் லாரித் தண்ணீருக்குத் தனி அறை, மேலே தொட்டியும் தனித்தனி, சமையலறைக்குத் தனிக்குழாய். சுத்திகரித்த நீர் ஃபிளஷ்ஷுக்கு வந்தால் அந்தக் குழாய் முழுக்க வேறு நிறம். ஒப்படைக்கும் முன் அந்தத் தொட்டியில் மட்டும் சாயம் கலந்து, ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். சாயம் ஃபிளஷ் தவிர வேறெங்கு வந்தாலும் இணைப்பு தப்பு.

போர் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்காமல் சாஃப்ட்னர் விற்பவரிடம் போகாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) குறையாது. குளியலுக்கும் துணி துவைக்கவும் சரி, சமையலறைக் குழாய்க்கு வேண்டாம். அதைக் கழுவிய உப்புத் தண்ணீரை மழைநீர்க் குழிக்குள் விட்டால் அடுத்த வருஷம் உங்கள் போரிலேயே உப்பு.

கொசு: சென்னையின் மலேரியாக் கொசு மேல்நிலைத் தொட்டியில் வளரும். மூடி இறுக்கமாக, வழிந்தோடும் குழாய் வாயிலும் காற்றுக்குழாய் வாயிலும் வலை. லிஃப்ட் குழியில் தேங்கும் நீரும், வாட்டம் இல்லாத சன்ஷேடு மேல் நிற்கும் நீரும் டெங்குக் கொசுவுக்கு.

#14 நியூட்ரல்

சுருக்கமாக. ஒவ்வொரு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). கீசர் ஷாக்கில் உயிரைக் காப்பது அது. பிரச்சினை: குடிவந்த பிறகு இன்வெர்ட்டர் போடுவார்கள், அதன் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு சேர்ப்பார்கள், ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரீஷியன் அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார், பாதுகாப்பு போயிருக்கும்.

கம்பெனி செய்ய வேண்டியது: ஒயரிங் போடும்போதே இன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்குத் தனி நியூட்ரல், போர்டில் தனி நியூட்ரல் பட்டை, மேலே பெயர் ஒட்டுவது. ஒப்படைப்புக்கு முன் 500 வோல்ட் மெக்கரில் (ஒயர் காப்பைச் சோதிக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகா ஓமுக்கு மேல் காட்டணும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று வீட்டுக்காரர் கண்முன் காட்டுங்கள்.

#15 மட்டப்பலகை

படிக்கட்டு. வயதானவர் விழுவது பல சமயம் முதல் படியிலோ கடைசிப் படியிலோ. காரணம் கான்கிரீட்டிலேயே இருக்கிறது. படி உயரம் எல்லாம் 165 என்று சமமாகப் போடுகிறோம். பிறகு படிக்கு 40 மி.மீ. கிரானைட்டும் கலவையும், தளத்துக்கு 60 மி.மீ. டைலும் கலவையும். முதல் படி 165 + 40 - 60 = 145 ஆகிவிடும். கடைசிப் படி 165 + 60 - 40 = 185. நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், காலுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். சென்ட்ரிங் அடிக்கும்போதே கீழ்ப்படியை 20 கூட்டி, மேல்படியை 20 குறைத்து மேஸ்திரிக்குச் சுவரிலேயே வரைந்து கொடுங்கள். விதி 190 உயரம் வரை அனுமதிக்கிறது, மிதி 250-க்குக் குறையக்கூடாது. 165-க்கு 280 வைத்தால் முதியவர் மூச்சு வாங்காமல் ஏறுவார்.

ஸ்டில்ட்டிலிருந்து லிஃப்ட் முகப்பு 450 மி.மீ. உயரம் என்றால் சாய்தளம் 12-க்கு 1, ஐந்தரை மீட்டர் நீளம். அதற்கு இடம் விடாமல் கடைசியில் ஒரு செங்குத்துச் சாய்வு போட்டு "வீல்சேர் வசதி" என்று எழுதாதீர்கள், ஸ்கூட்டர்தான் ஏறும். கழிப்பறைக் கைப்பிடிக்கு ஏ.ஏ.சி. பிளாக் (நுண்துளை நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் தாங்காது. அந்த உயரத்தில் இரண்டு வரிசை கெட்டிக் கல்லோ கான்கிரீட் பட்டையோ வையுங்கள். கைப்பிடி இப்போது தேவையில்லை என்றாலும் பட்டை இருக்கட்டும். பால்கனிக் கைப்பிடிச்சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமல், கம்பி இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகாமல், குறுக்குக் கம்பி இல்லாமல். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி.

#16 பூச்சுவேலை

பெயின்ட். பூச்சு முடிந்து 28 நாளாவது காயணும். கார்த்திகை மழையில் ஜன்னல் எல்லாம் மூடிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்குக் கிரகப்பிரவேசம் என்று அவசரமாகப் பட்டி பார்த்தால் ஆறு மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியும் ஒரு சுவாசப் பிரச்சினைதான். ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2017 முதல் சட்டம். கிரில்லுக்கும் கதவுக்கும் வாங்கும் சில்லறை எனாமலில் டப்பா விவரத்தைப் பாருங்கள். அலமாரிப் பலகை ஈ-1 தரமாவது வேண்டும் (பலகைப் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக வரும் தரம்). லேமினேட் ஒட்டாத பின்பக்கமும் திருகு துளை விளிம்பும்தான் ஃபார்மால்டிஹைடைக் கக்கும் இடம், வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் கூடும். எல்லா விளிம்பும் அடைக்கச் சொல்லுங்கள். சாவி கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ஜன்னல், அலமாரிக் கதவு எல்லாம் திறந்து, ஃபேன் ஓடட்டும். விற்பனைத் தரப்பு இதற்குத்தான் ஒத்துக்கொள்ளாது.

#17 சங்கச்செயலர்

ஒரு கோரிக்கை. நீங்கள் சொன்ன எல்லாமே சுவருக்குள் போய்விடுகிறது. சங்கத்துக்குக் கடைசியில் கிடைப்பது விற்பனைப் பத்திரமும் ஒரு சாவிக்கொத்தும்தான். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து வருடம் வரை கட்டியவர் 30 நாளில் சரிசெய்து தரணும். ஆனால் எது எங்கே போகிறது என்று தெரியாமல் குறையை எப்படிச் சொல்வது? எங்களுக்கு வேண்டியவை: பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு எடுத்த போட்டோ, வீட்டு எண் வாரியாக. வால்வு ஒவ்வொன்றிலும் தகட்டு எண். பாத்ரூம், மொட்டைமாடித் தண்ணீர்ச் சோதனைத் தேதிகள். எந்த நீர்த்தடுப்பு, எந்தத் தொகுதி. தொட்டி கழுவும் நாள், சாஃப்ட்னர் உப்பு, ஆர்.சி.சி.பி. பட்டன், ட்ராப்புக்குத் தண்ணீர் எல்லாம் தமிழில் இரண்டு பக்கம், வாட்ச்மேனும் படிக்கிற மாதிரி. முதல் மழைக்காலம் முடிந்ததும் கம்பெனி ஆள் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் வந்து பார்க்கட்டும்.

#18 பைப்லைன்

அம்மா சொன்ன போட்டோதான் தங்கம். கைப்பிடி மாட்ட டிரில் போட்டு சுடுதண்ணி பைப்பை ஓட்டை போடற செலவு ஒரு தடவை மிச்சமானாலே போட்டோ செலவு வந்துடும்.

#19 அஸ்திவாரம்

எல்லோருக்கும் நன்றி. இன்று வரைபடத்தோடு உட்கார்ந்ததில் முடிவானது: படுக்கையறை ஜன்னல்கள் கேஸ்மென்ட், மேற்கே இரண்டு ஜன்னல் மூன்றடியாகச் சுருங்குகிறது. மேல்தளத்துக்கு எக்ஸ்.பி.எஸ். யோகா மேடை போய்விட்டது, ஜிம் பாதியாகி அந்த இடத்தில் சாய்தளம். பாத்ரூம் பள்ளம் இருக்கும், 40 மி.மீ. பைப்போடு. சி-பிளாட் படுக்கையறை லிஃப்ட் சுவரைத் தொடுகிறது, அலமாரியை அங்கே மாற்றப் பார்க்கிறோம். சம்ப்பை நகர்த்துவதில்தான் சிக்கல்: கழிவுநீர்த் தொட்டியும் சம்ப்பும் தெருப்பக்கமே வரணும், இடம் 9 மீட்டர்தான்.

#20 தண்ணீர்க்கணக்கு

9 மீட்டரில் இரண்டையும் வைக்கலாம், சுவரைப் பகிராமல். நடுவில் நடந்து போகிற அளவு மண் விடுங்கள், இரண்டடி போதும். இரண்டுக்கும் தனித்தனி நான்கு சுவர். சம்ப் மட்டத்தை உயர்த்தி, கழிவுத் தொட்டியின் உச்ச நீர்மட்டம் சம்ப் அடித்தளத்துக்குக் கீழே வருகிற மாதிரி தோண்டுங்கள். சம்ப் மூடி தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்து நிற்கணும், இல்லாவிட்டால் டிசம்பரில் தெருத்தண்ணீர் நேராக உள்ளே. அதன் மேல் கார் நிறுத்தும் இடம் வரைந்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கார் நின்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ மூடியைத் திறக்க முடியாது.

#21 அஸ்திவாரம்

வரைந்திருக்கிறோம். பி-2 கார். மாற்றுகிறேன்.